பிரேக் மிதிக்க ஒரு கால்

வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் பெட்டியைத் திறக்கும்போது, அக்கம்பக்கத்தார் ஏதாவது ஒரு சாக்கில் வந்து நிற்பது பொகவந்தலாவையில் வழக்கம். வாசனைச் சவர்க்காரம் வரும், பால்மா வரும், பூப்போட்ட போர்வை வரும். பின்வீட்டு அக்கா குவைத்திலிருந்து வந்து சேர்ந்த அன்று நானும் வெறுங்கோப்பையைத் தூக்கிக்கொண்டு சீனி கேட்கப் போனேன். அவர் மூடியைத் திறந்தார். மேலே நான்கைந்து உடுப்பு. அவற்றை எடுத்து வைத்ததும் கீழே முழுக்க இரும்பு.

ஸ்பேனர்கள், குறடுகள், ஒரு சின்னச் சுத்தியல், மெல்லிய ரப்பர் குழாய் ஒரு சுருள், பெயர் தெரியாத ஏதேதோ. ஒவ்வொன்றையும் பழைய துணியில் பிள்ளையைச் சுற்றுவதுபோலச் சுற்றி வைத்திருந்தார். கூடியிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவருடைய நாத்தனார்தான் வாய் திறந்தார்.

"என்னாங்க அண்ணி இது? கராஜ் வைக்கப் போறீங்களா?"

"தேவப்படும்" என்றார் அக்கா. அவ்வளவுதான்.

அவரைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த ஒற்றைச் சொல்தான். எதற்கும் விளக்கம் சொல்லமாட்டார். ஏன் செய்தீர்கள், ஏன் செய்யவில்லை என்று கேட்டால் கையில் இருக்கிற வேலையைப் பார்ப்பார். கோபமும் இருக்காது, அலட்சியமும் இருக்காது. சொல்லுகிற பழக்கம் இல்லை, அவ்வளவே. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டியைச் சோதித்த அதிகாரி ஒவ்வொரு ஸ்பேனராக எடுத்து மேசையில் அடுக்கிவிட்டு, "உன் புருஷன் மெக்கானிக்கா?" என்று சிங்களத்தில் கேட்டாராம். இவர் "இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு, திரும்பவும் துணியில் சுற்ற ஆரம்பித்தாராம். புருஷன் செத்துப் பல வருஷமாயிற்று என்பதை அங்கேயும் சொல்லவில்லை.

நான் ஹட்டனிலிருந்து கலியாணமாகி வந்தவள். கடைவீதியில் எங்களுக்கு ஒரு போட்டோ கொப்பிக் கடை; பென்சில், கொப்பி, பாடசாலைச் சாமான்களும் விற்போம். கடைக்குப் பின்னால் தகரக் கொட்டிலோடு இருந்த சின்ன வீட்டை அக்கா வாடகைக்கு எடுத்திருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மதில்தான். அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் ஏன் என்று கேட்கமாட்டார், ஆனால் பிடிக்காது.

வந்து கொஞ்ச நாளில் ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கினார். ஹட்டனுக்குப் போய் லைசன்ஸ் எடுத்தார். பிறகு ஒரு காலையில் வாடகைக்கு ஓடுகிற ஹயர் கார்கள் நிற்கிற இடத்தில் கடைசி ஆளாகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்துகொண்டார். அங்கே நின்ற டிரைவர்மார் சிரித்த சிரிப்பு எங்கள் கடைவரைக்கும் கேட்டது.

"அக்கா, இது ரோட்டுல ஓடுமா? இல்ல, தள்ளணுமா?" என்று ஒருவர் கேட்டார்.

"ஓடுறதுன்னா எந்த வண்டியும் ஓடும் தம்பி. நிக்குதான்னு கேளுங்க" என்றார் அக்கா.

அவர் நீளமாகப் பேசி நான் கேட்ட முதல் வாக்கியம் அது. இந்த மலை ரோட்டில் ஏறியவர்களுக்கு அது விளங்கும். ஒரு பக்கம் தேயிலை ஏறிப்போகும், மறுபக்கம் தேயிலை இறங்கிப்போகும், நடுவில் ஒரு பஸ் வந்தால் நம் வண்டி ஒதுங்க இடமிருக்காது. எஞ்சின் நின்றுபோனால் வீட்டுக்குப் பிந்திப் போகலாம். பிரேக் போனால் வீட்டுக்குப் போக முடியாது.

அதனால் பிரேக் வேலையை மட்டும் அவர் எந்தக் கராஜுக்கும் கொடுக்கமாட்டார். வீட்டு வாசலிலேயே செய்வார். அதில் ஒரு சிக்கல் இருந்தது. மற்ற எல்லா வேலைகளையும் தனியாகச் செய்கிறவருக்கு இந்த ஒரு வேலைக்கு மட்டும் இன்னொரு ஆள் வேண்டும்.

பிரேக் குழாய்க்குள் எண்ணெய் மட்டும்தான் இருக்கவேண்டும். கொஞ்சம் காற்று புகுந்துவிட்டாலும் மிதி பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. அந்தக் காற்றை வெளியே எடுக்க ஒருவர் காருக்குள் உட்கார்ந்து பிரேக்கை மிதித்து மிதித்து, கடைசியில் அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவர் கீழே படுத்துச் சக்கரத்தின் பின்னால் இருக்கிற சின்னத் திருகைத் திறந்துவிடுவார். எண்ணெயும் காற்றுக் குமிழும் ரப்பர் குழாய் வழியே போத்தலில் இறங்கும். திருகை மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். முந்தி எடுத்தால் வெளியே போன காற்று திரும்பவும் உள்ளே ஏறிவிடும், அவ்வளவு நேரம் பட்ட பாடும் வீண்.

அந்த இன்னொரு ஆள் நான்.

"தங்கச்சி, கால் சும்மாவா இருக்கு?" என்று மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். நான் கடையை என் வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டுப் போவேன்.

"மிதிங்க" என்பார் கீழே இருந்து. மிதிப்பேன்.

"புடிங்க."

"புடிச்சிருக்கேன்!"

மிதி என் காலுக்குக் கீழே மெல்ல இறங்கும். "விடாதீங்க, விடாதீங்க" என்பார். திருகு மூடுகிற சத்தம் கேட்கும். "இப்ப விடுங்க."

இப்படியே நாலு சக்கரத்துக்கும். பேச்சு என்று பார்த்தால் எங்களுக்குள் அதிகம் நடந்தது இதுதான். இதற்குள் எப்படி ஒரு சிநேகம் வளர்ந்தது என்று தெரியவில்லை. ஆனால் வளர்ந்தது.

எங்கள் சத்தம் கேட்கிற தூரத்தில், வீட்டுக்குள் ஜன்னலோரம், புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு இன்னொருத்தி உட்கார்ந்திருப்பாள். அக்காவின் மகள். பாடசாலையின் கடைசி வகுப்பில், ஏ.எல். படித்துக்கொண்டிருந்தாள். அக்கா ஒருநாளும் அவளை மிதிக்கக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டாலும் வந்திருக்கமாட்டாள்.

அந்தப் பிள்ளை சின்ன வயதாக இருக்கும்போதே அக்கா குவைத்துக்குப் போய்விட்டார். போன மறுவருஷமே தகப்பன் காய்ச்சலில் கிடந்து செத்துப்போனார். சேதி சொல்லியும் அக்கா வரவில்லை. எட்டுக்கும் வரவில்லை, வருஷத் திதிக்கும் வரவில்லை. தோட்டத்து மேல் டிவிசனில், வரிசை வீடுகளான லயத்தில், அத்தைதான் பிள்ளையை வளர்த்தார். அத்தை நல்ல மனுஷிதான். ஆனால் லயத்தில் எத்தனை வாய் இருக்கிறது! "புருஷன் செத்த வீட்டுக்கே வராதவ" என்று நாலு பேர் சொல்லச் சொல்ல, கேட்டுக்கேட்டே வளர்ந்தவள் அவள். தாய் திரும்பி வந்ததும், பாடசாலை பக்கம் என்பதற்காகக் கடைவீதி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். சோறு போட்டால் சாப்பிடுவாள். கேட்டதற்கு "ம்" என்பாள். குவைத்திலிருந்து கொண்டுவந்த கைக்கடிகாரத்தை, கட்டிக்கூடப் பார்க்காமல், அத்தை மகளுக்குக் கொடுத்துவிட்டாள். அக்கா அதைப் பார்த்தார்.

"ஏங்க்கா வரல நீங்க? அந்தப் புள்ளைக்கிட்டயாவது சொல்லக்கூடாதா?" என்று நான் ஒருதரம் கேட்டேன். மழை விட்டிருந்த ஒரு பின்னேரம். அக்கா துருப்பிடித்த ஒரு குறட்டுக்கு எண்ணெய் போட்டுத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"இது இன்னும் கொஞ்சம் ஊறணும்" என்றார்.

குறட்டைத்தான் சொன்னார்.

இந்த வேலை ஆயுதங்களைச் சேர்ப்பதில் அவருக்கு இருந்த ஆசையை நாங்கள் கேலி பண்ணாத நாளில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மற்றப் பெண்கள் மரக்கறியைப் பார்க்க, இவர் பழைய இரும்பு விற்கிறவரின் சாக்கின் முன்னால் குந்தியிருப்பார். கைப்பிடி உடைந்தது, பல் தேய்ந்தது எல்லாம் வீட்டுக்கு வரும். அரத்தால் ராவி, மரத்தில் பிடி செதுக்கிப் பொருத்தி, கொட்டிலின் தகரச் சுவரில் ஆணியடித்து மாட்டிவிடுவார். கலியாண வீட்டுக்குப் போனாலும் பரிசு அதுதான். எங்கள் மச்சினியின் கலியாணத்தில் மொய் எழுதுகிற மேசையில் ஒரு ஸ்குரூடிரைவர் செட்டை வைத்துவிட்டுப் போனார். மாப்பிள்ளை வீட்டார் சிரித்து முடிக்கவே வெகுநேரமானது. எனக்கு ஒருமுறை மூக்கு வளைந்த நீளக் குறடு ஒன்று கொடுத்தார். கொப்பி மெஷினுக்குள் சிக்கிக்கொள்ளும் பேப்பரை இழுக்க இன்றைக்கும் அதைத்தான் பாவிக்கிறேன்.

கேட்டவர்களுக்கெல்லாம் இரவல் கொடுப்பார். அவரைப் பார்த்துச் சிரித்த டிரைவர்மாரே கொஞ்ச நாளில் கொட்டில் வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை: துடைத்துத் திருப்பித் தரவேண்டும். அழுக்கோடு கொண்டுவந்தால் வாங்கமாட்டார். "கழுவிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். உரம் ஏற்றும் லொறி ஓட்டுகிற முரட்டு ஆள் ஒருவர் எங்கள் குழாயடியில் நின்று சவர்க்காரம் போட்டு ஸ்பேனர் கழுவியதை நான் கண்ணால் பார்த்தேன்.

இனி அந்த மழைநாளுக்கு வருகிறேன்.

மூன்று நாளாக விடாத மழை. கீழ் ரோட்டில் மண் சரிந்து, நோர்வூட் பக்கம் பஸ் இல்லை. டவுனில் வழக்கமாக நிற்கிற மற்ற ஹயர் கார்களெல்லாம் மண்ணுக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டன. ஹயர் இல்லாத நாள்தானே என்று அக்கா காலையிலேயே காரைக் கல்லில் ஏற்றி, பின் சக்கரத்தைக் கழற்றி, உள்ளே கசிந்துகொண்டிருந்த பிரேக் ரப்பரை மாற்றினார். மாற்றி முடித்து, சக்கரத்தைத் திரும்பப் பூட்டி, காரைக் கல்லிலிருந்து இறக்கி, காற்று எடுப்பதற்காக என்னைக் கூப்பிட வாயெடுத்த நேரத்தில்தான் மேல் டிவிசனிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பிரசவ வலி கண்ட பெண் ஒருத்தியைப் போர்வையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ஓடிவந்திருந்தார்கள். தலைப்பிள்ளை. வலி எடுத்து வெகு நேரமாகியும் பிள்ளை இறங்கவில்லை. அம்புலன்சுக்குப் போன் பண்ணினால், மண்ணைத் தாண்டி மேலே வர முடியாது என்கிறார்கள். தேயிலைத் தொழிற்சாலைக்குப் பின்னால் இறங்குகிற தோட்ட ரோட்டால் போனால் மண் சரிந்த இடத்துக்குக் கீழே போய்ச் சேரலாம். ஆனால் அது செங்குத்தான இறக்கம். தோட்ட டிராக்டரையும் சின்னக் காரையும் தவிர வேறொன்றும் போகாது.

"அக்கா, வண்டிய எடுங்க! சீக்கிரம் எடுங்க!" புருஷன்காரன் கையெடுத்துக் கும்பிட்டான். சின்ன வயதுப் பையன்தான், கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

அக்கா உள்ளே குனிந்து பிரேக்கை ஒருமுறை கையால் அமுக்கினார். அது அடிவரைக்கும் போயிற்று.

"பிரேக் இல்ல. காத்து எடுத்துட்டுத்தான் போவணும்."

"கியர்லயே எறக்குங்க அக்கா! அவ செத்துருவா!"

"இப்ப எறக்குனா எல்லாரும் சாவோம்" என்றார் அக்கா. குரல் உயரவில்லை. கூட வந்தவர்களில் ஒருவர் கெட்ட வார்த்தை சொன்னார். ஒரு கிழவர், "இவ புருஷனுக்கே வராதவ, ஊரான் புள்ளைக்கா வரப்போறா" என்றார். மழையிலும் அது எல்லோர் காதிலும் தெளிவாக விழுந்தது. அக்கா அதற்குள் சாக்கை விரித்துக் காருக்கடியில் படுத்துவிட்டார்.

என்னால் மிதிக்க முடியவில்லை. அந்தப் பெண்ணைப் பின்சீட்டில் ஏற்றியாயிற்று. அவள் என் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. புருஷன்காரனை முன்னால் உட்காரவைத்தோம். "மிதிங்க தம்பி… புடிங்க" என்றார் அக்கா. அவன் மிதித்தான். பின்னால் அவள் கத்தினாள். இவன் பதறித் திரும்பினான், கால் எழுந்துவிட்டது.

"விடாதீங்க!"

அதற்குள் காற்று உள்ளே ஏறிவிட்டது. மறுபடி முதலிலிருந்து. இரண்டாம் தரமும் அப்படியே. மூன்றாம் தரம் அவன் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழவே ஆரம்பித்துவிட்டான்.

அப்போது வீட்டுக் கதவு திறந்தது. மகள் மழையில் இறங்கி வந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"தள்ளுங்க அண்ணே" என்றாள். "நீங்க முன்னால போய் பிரேக் எண்ண ஊத்துங்க. மூடிக்கடியில இருக்குற டப்பாவுல கொறைஞ்சா காத்து இழுத்துரும்."

அவனை இறக்கிவிட்டு ஏறி உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி எறிந்தாள். காருக்கடியில் படுத்திருந்த அக்காவுக்கு இது ஒன்றும் தெரியாது. மழை கூரையில் அடித்துக்கொண்டிருந்தது.

"மிதிங்க" என்றது கீழேயிருந்து குரல்.

அவள் மிதித்தாள். அவசரமில்லாமல், ஒரே சீராக.

"புடிங்க."

"புடிச்சிருக்கேன்" என்றாள் மகள்.

கீழே சத்தமே இல்லை. ஸ்பேனர் திருகில் உரசவில்லை. நான் ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். அக்காவின் இரண்டு பாதங்கள்தான் வெளியே தெரிந்தன, சேற்றில் அசையாமல். பிறகு அந்தக் குரல் வந்தது.

"விடாத."

"விடல. தொறங்க."

திருகு திறந்தது. பிறகு ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவேண்டியிருக்கவில்லை. மிதி, பிடி, விடு. இரண்டு பின் சக்கரங்களும் முடிந்து, முன் சக்கரங்களும் முடிந்தன. கடைசியில் அக்கா எழுந்து, சேறும் எண்ணெயுமாக வந்து, மகளின் காலுக்குப் பக்கத்தில் கையை விட்டு மிதியை அமுக்கிப் பார்த்தார். கல் மாதிரி நின்றது.

"சரி. ஏறுங்க."

மகள் பக்கத்துச் சீட்டுக்கு நகர்ந்தாளே தவிர, இறங்கவில்லை. புருஷன்காரனைப் பின்னால் எங்களோடு அடைத்துக்கொண்டோம்.

இறக்கம் தொடங்கியது. ரோட்டில் ஆறு மாதிரித் தண்ணீர். தொழிற்சாலைக்குக் கீழே இரண்டாவது வளைவில் திரும்பினால், கொழுந்து ஏற்றுகிற டிராக்டர் ஒன்று ரோட்டை மறித்துச் சரிந்து நிற்கிறது. அக்கா மிதித்தார். கார் கொஞ்சம் வழுக்கி, பிறகு டிராக்டரின் இரும்புக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. நின்றே விட்டது. பின்சீட்டில் அந்தப் பெண்கூட ஒரு கணம் கத்த மறந்துபோனாள். டிராக்டரைத் தள்ளி ஓரமாக்க ஆட்கள் வந்தார்கள். நாங்கள் காரிலேயே கீழே போய்ச் சேர்ந்தோம்.

ஆஸ்பத்திரியில் வெட்டித்தான் பிள்ளையை எடுத்தார்கள். பெண் பிள்ளை. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. அந்தப் பிள்ளை இப்போது பாடசாலைக்குப் போகிறது. எங்கள் கடையில்தான் பென்சில் வாங்குகிறது. அக்காவும் மகளும் இப்போது ராகலையில் இருக்கிறார்கள். மகளுக்கு அங்கே ஆசிரியை வேலை. அங்கேயும் ஒரு கொட்டில் போட்டாயிற்று, மரக்கறி லொறிக்காரர்கள் இரவலுக்கு வந்து நிற்கிறார்கள் என்று கேள்வி.

ஆனால் எனக்கு மறக்க முடியாதது அன்றைக்குத் திரும்பி வந்த வழிதான்.

மழை வெளுத்திருந்தது. அக்கா ஓட்டினார், மகள் முன்னால், நான் பின்னால். தேயிலைக்கு மேலே பனிப்புகார் விலகி மலை தெரிய ஆரம்பித்திருந்தது. பிறகு மகள், ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இந்த வேல அங்கதான் பழகுனீங்களா?"

"ம்."

அதோடு நின்றுவிடுவார் என்றுதான் நினைத்தேன். நிற்கவில்லை.

"அந்த வீட்டு டிரைவர் ஒரு மலையாளத்துக்காரரு. கார் வேல செய்யிறப்ப மிதிக்க ஆள் இல்லன்னு என்னயக் கூப்புடுவாரு. மத்த நேரமெல்லாம் குசினியில சமையல்தான். அந்த வீட்டுல என்னய எங்கயும் ஒக்கார விடமாட்டாங்க. சோத்தையும் நின்னுக்கிட்டே திங்கணும். பிரேக் மிதிக்கிறப்ப மட்டுந்தான் ஒக்காருவேன்." கியரை மாற்றினார். "சாஞ்சி ஒக்காந்துக்கலாம். வெயில் வரும். ஆயுதமெல்லாம் அவருதான் ஒவ்வொண்ணா எனக்குக் குடுத்தாரு."

கார் இன்னும் இரண்டு வளைவு ஏறியது. மகள் இந்தத் தரம் தாயின் பக்கம் திரும்பினாள்.

"அப்பா செத்தப்ப ஏன் வரல?"

அக்கா காரை ஓரங்கட்டினார். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டார். எஞ்சினையும் நிறுத்தினார். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தார்.

"பாஸ்போட்டு அந்த வீட்டுக்காரங்க அலுமாரியில இருந்திச்சி. கேட்டேன். குடுக்கல. கால்ல விழுந்து கேட்டேன்…"

நான் மெல்லக் கதவைத் திறந்து இறங்கினேன். "ஒரே தலச்சுத்தா இருக்கு, நான் நடந்தே போறேன்க்கா" என்றேன். இரண்டு பேருக்கும் அது காதில் விழுந்திருக்காது. டவுனுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். கொஞ்சம் நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியெல்லாம் உள்ளே மூச்சுப் பட்டு வெளுத்திருந்தது. அதற்கு அப்பால் அக்காவின் கை மேலும் கீழும் அசைந்து எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. அவர் கையை ஆட்டிப் பேசி நான் பார்த்ததே இல்லை.

வீட்டுக்கு வந்து, குளித்து, அடுப்பு மூட்டி, எங்கள் வீட்டுக்காரருக்கு நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தும் கார் வரவில்லை. தேத்தண்ணி ஆறிப்போய் இன்னொருதரம் போட்டேன். பிறகுதான் வளைவில் அந்த எஞ்சின் சத்தம் கேட்டது. மதிலோரம் போய் நின்றேன். கார் அக்காவின் வாசல் சரிவில் ஏறி நின்றது. மகள் முதலில் இறங்கினாள். முகம் வீங்கியிருந்தது. மதிலோரம் கிடந்த கருங்கல் ஒன்றைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின் சக்கரத்துக்கு அடை வைத்தாள். காலால் ஒருதரம் உதைத்து, நிற்கிறதா என்று பார்த்தாள். பிறகு உள்ளே இருந்தவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"கல்லு வச்சிட்டேம்மா. நீங்க கால எடுங்க."